2 கிலோ கேக்குக்கு 9,500 கேட்டது கூடிப்போச்சா? வீட்டில் கேக் செய்கிற ஆக்கள் ஒருக்கால் வாங்கோ

கொக்குவில்_ஐசிங்
வணக்கம். யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருந்துதான் கேக் செய்து கொடுக்கிறேன். பிறந்தநாள், சாமத்தியவீடு, குடிபூரல் என்று தெரிந்த ஆக்கள் மூலம் ஓடர் வருகிறது. இப்போது ஒரு அம்மா வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, மகளின் சாமத்தியவீட்டுக்கு அச்சொட்டாக இதே மாதிரி வேண்டும் என்கிறார். இரண்டு தட்டு, மொத்தம் 2 கிலோ, பட்டர் கேக், வெளியே முழுக்க ஃபொண்டன்ட் (மா மாதிரிக் குழைத்து உருட்டிக் கேக்கை மூடுகிற சீனிப் பசை), பக்கத்தில் சேலைக் கரை போலத் தங்க நிற வேலை, மேலே சீனியில் செய்த ரோசாப்பூக்கள். நான் 9,500 என்றேன். உடனே "ரவுனில் கடையில் கிலோ 3,000 தானே, அப்ப 6,000, நீங்கள் வீட்டில்தானே செய்கிறீர்கள், கடை வாடகையும் இல்லை" என்று எழுதிவிட்டார். இன்னும் பதில் போடவில்லை. நீங்கள் எல்லோரும் கிலோவுக்கு என்ன விலை எடுக்கிறீர்கள்? குறைத்துக் கொடுக்கவா, விடவா?

மானிப்பாய்_அக்கா
தங்கச்சி, மற்ற ஆக்களின் கிலோ விலையைக் கேட்டு உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒருவர் மாஜரினில் அடிப்பார், ஒருவர் பாதிக்குப் பாதி கலப்பார், ஒருவர் முழுப் பட்டர், எல்லாம் பெயருக்குப் பட்டர் கேக்தான். முதலில் உங்கள் செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். 2 கிலோ என்றால் நாங்கள் பழகிய அளவு பட்டர் 500 கிராம், சீனி 500 கிராம், மா 500 கிராம், முட்டை 10. கலவையாக நிறுத்தால் சரியாக 2 கிலோ வரும், ஆனால் அவனுக்குள் (சுடுகிற அடுப்புக்குள்) ஈரம் போய்விடும், அடுக்குவதற்கு மேலே பொங்கி நிற்கிற பகுதியைச் சீவித் தட்டையாக்க வேண்டும், அந்தச் சீவலை வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடுவார்களே தவிர காசு தந்து வாங்க ஆளில்லை. இதையெல்லாம் கணக்கில் எடுத்து எழுதிப் போடுங்கள், பார்ப்போம். செலவழிகிற நேரத்தையும் எழுதுங்கள், அதுதான் முக்கியம்.

நெல்லியடி_வாசி
நான் கேக் செய்கிறவன் இல்லை, வாங்குகிறவன். உண்மையைச் சொன்னால் 9,500 எங்களுக்குப் பெரிய காசு. சாமத்தியவீட்டுக்கு மண்டபம், சாப்பாடு, வீடியோ, சோடனை என்று எல்லாம் கழுத்துக்கு வந்து நிற்கும்போது கேக்குக்கும் இவ்வளவா என்றுதான் எவரும் கேட்பார்கள். அந்த அம்மா பிழையாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்க்கிற எங்களுக்கு எது கஷ்டமான வேலை, எது லேசான வேலை என்று எப்படித் தெரியும்?

கொக்குவில்_ஐசிங்
அக்கா சொன்ன மாதிரி எழுதிப் பார்த்தேன். நான் வாங்குகிற விலைதான், உங்கள் பக்கம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். பட்டர் அரைக் கிலோ 2,400, முட்டை 350, மா 100, சீனி 125, வனிலா பேக்கிங் பவுடர் 75, இதுவே 3,050. ஐசிங்குக்கு இன்னும் கால் கிலோ பட்டர் 1,200, ஐசிங் சீனி 250. ஃபொண்டன்ட் 1,200. கேக் போட், பெட்டி, தட்டைத் தாங்க உள்ளே குத்துகிற குச்சி 600. ஜெல் கலர், தங்கப் பொடி 300. மொத்தம் 6,600.
நேரம் என்றால், அடித்துச் சுட்டு எடுக்க இரண்டரை மணித்தியாலம், ஐசிங் பூசி மட்டமாக்க ஒன்றரை, ஃபொண்டன்ட் குழைத்து உருட்டி மூட இரண்டு, தங்கக் கரை ஒன்றரை, ரோசாப்பூக்கள் மூன்று, கழுவித் துடைத்துப் பெட்டியில் ஏற்ற அரை. 11 மணித்தியாலம் வருகிறது. கூட்டிப் பார்க்கும்வரை இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

சுன்னாகம்_கணக்கு
என் மனைவி கேக் செய்கிறார், கணக்கு எழுதுவது நான். 9,500இல் 6,600 போனால் 2,900. கரண்ட், காஸ், சாமான் வாங்கப் போய்வந்த பெற்றோல், மண்டபத்துக்கு ஓட்டோ எல்லாவற்றுக்கும் ஒரு 900 வையுங்கள். மிச்சம் 2,000. அதை 11ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 180 ரூபா சொச்சம். இந்த விலைக்குத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கக்கூட ஒருவரும் வரமாட்டார்கள். தங்கச்சி, 9,500 கூடவில்லை, குறைந்துவிட்டது.
நாங்கள் செய்கிற முறை இதுதான்: சாமான் செலவு, மேல் செலவு, அதோடு மணித்தியாலக் கூலி. மனைவிக்கு 400 என்று வைத்திருக்கிறோம், கை பழகின ஆள், வேலையும் சுத்தம், அதற்குக் குறைய மாட்டோம். உங்கள் கேக்குக்கு 6,600, 900, கூலி 4,400, ஆக 11,900. இதற்கு மேல் நூற்றுக்குப் பத்து. அந்தப் பத்து லாபம் என்று நினைத்துச் செலவழிக்கக் கூடாது. பீற்றர் (கலவை அடிக்கிற மெசின்) எரியும், நொசில் (ஐசிங் பிழிகிற முனை) தேயும், ஒரு தட்டு நடுவில் இறங்கித் திரும்பச் சுட வேண்டி வரும், அதற்கான காசு அது. ஆக 13,000. கிலோ விலை இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வரவில்லை, கவனியுங்கள்.

நெல்லியடி_வாசி
13,000ஆ! அப்படியென்றால் கடைக்காரர் எப்படி 6,000க்குக் கொடுக்கிறார்? அவர் நட்டத்துக்கா செய்கிறார்?

பருத்தித்துறை_பேக்கரி
இதற்கு நான் பதில் சொல்கிறேன், பேக்கரியில் நின்று வேலை பழகினவன். பேக்கரி அவன் ஒருமுறை சூடேறினால் தட்டுத் தட்டாக உள்ளே போகும், வீட்டு அவனில் இரண்டு அச்சு வைத்தால் இடம் முடிந்தது. சூடேற்றுகிற செலவு அங்கே பல கேக்கின் மேல் பிரிகிறது, இங்கே ஒரு கேக்கின் தலையிலேயே விழுகிறது. கடையில் மாவும் சீனியும் மூட்டைக் கணக்கில் மொத்த விலைக்கு வரும். பெரும்பாலும் மாஜரின்தான், அதோடு கேக் ஜெல் போட்டு அடிப்பார்கள். ஜெல் காற்றைப் பிடித்து வைப்பதால் கலவை பொங்கி, கண்ணுக்குப் பெரிய கேக்காக இருக்கும், தூக்கினால் பாரம் இராது. அதில் கள்ளம் ஒன்றும் இல்லை, அதுவும் ஒரு வகைக் கேக்தான், மெதுவாகவும் இருக்கும், ஆனால் பட்டர் கேக்கின் பக்கத்தில் வைத்து விலை பேச முடியாது. அலங்காரமும் கடையில் ஐந்தாறு டிசைன்தான், கை தானாக ஓடும். படம் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கடையில் கேட்டால் கடைக்காரரும் 3,000 என்று சொல்லமாட்டார். அந்த அம்மாவை ஒருக்கால் அதே படத்தைக் கடையில் காட்டி விலை கேட்கச் சொல்லுங்கள்.

உரும்பிராய்_ரீச்சர்
நான் பிள்ளைகளுக்குக் கேக் வகுப்பு எடுக்கிறேன். முதல் நாளே சொல்லிக் கொடுப்பது, கேக்குக்கு ஒரு விலை, கைவேலைக்கு ஒரு விலை, இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் கூடாது என்பது. ஒரு சீனி ரோசாவை எடுங்கள். சீனிப் பசைமாவைக் கூம்பாக உருட்டிக் குச்சியில் குத்திக் காயவிட வேண்டும், அது காய்ந்த பிறகுதான் முதல் இதழைச் சுற்றலாம். ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் உருண்டைக் கருவியால் கடதாசி மாதிரி மெல்லிசாக்கி, சும்மா ஒரு பக்கம் சுருட்டி, முட்டை வெள்ளைக் கருவோ பசையோ தொட்டு ஒட்டி, அடுத்த சுற்றுக்கு முதல் திரும்பவும் காயவிட்டு, பிறகு கலர் பொடி தூவி நிழல் கொடுத்து. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இது காயவே காயாது, இதழ் தொங்கிப் போகும், அப்போது நேரம் இரண்டு மடங்கு. இதைக் கிலோவில் எப்படி நிறுப்பது? ஒரு பூ சில கிராம்தான் பாரம்.
இன்னொன்று, அளவு. 8 அங்குல வட்டத்தை 10 அங்குலமாக்கித் தாருங்கள் என்று கேட்பார்கள், இரண்டு அங்குலம்தானே என்று நாங்களும் 500 ரூபா கூட்டிவிட்டு ஓம் என்போம். பரப்பைக் கணக்குப் பாருங்கள். 64க்கு 100. உயரம் ஒன்றே என்றால் கலவை ஒன்றரை மடங்குக்கும் மேல் வேண்டும்.
ரோசாவின் செலவைக் குறைக்க இயற்கைப் பூ வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேலியில் நிற்கிற அலரியை மட்டும் வடிவாக இருக்கிறதென்று கேக்கில் குத்திவிடாதீர்கள், அது பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு. தோட்டத்து ரோசா என்றாலும் மருந்தடித்ததா என்று கேட்டு, காம்பைச் சுற்றி மறைத்துத்தான் வைக்க வேண்டும்.

ரொறன்ரோ_தம்பி
நான் இங்கிருந்து அம்மாவுக்கு ஊரில் கேக் ஓடர் பண்ணுகிற ஆள். அக்காமார், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்தவுடன் விலை ஏறுகிறது. அதே கேக்கை என் மச்சான் ஊரில் நின்று கேட்டால் ஒரு விலை, நான் கேட்டால் ஒரு விலை. காசு தர மனமில்லாமல் சொல்லவில்லை. ஒருமுறை விலையும் கூட, வந்த கேக்கும் படத்தில் இருந்த மாதிரி இல்லை, அம்மா பாவம் நல்லாயிருக்கு என்று சொல்லிச் சமாளித்தார். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

மானிப்பாய்_அக்கா
தம்பி கேட்பது நியாயம். என்னிடம் எவருக்கும் ஒரே விலைதான், கனடா என்றாலும் கைதடி என்றாலும். ஆனால் வெளிநாட்டு ஓடரில் உண்மையிலேயே வேலை கூட இருக்கிறது, அதையும் தம்பி விளங்கிக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் பகல் என்றால் எங்களுக்கு நடு இரவு, மெசேஜ் வருவது அந்த நேரம். பெயர் எழுத்தை மாற்றுங்கள், கலரை மாற்றுங்கள் என்று கேட்டுக் கேட்டு, பிறகு பலூன், பூங்கொத்து, அம்மாவுக்குத் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்து வீடியோ எடுத்து அனுப்பு என்பீர்கள். அந்த வேலைக்கு நான் தனியாக ஒரு தொகை எழுதி, இது இதற்கு என்று காட்டித்தான் கேட்பேன். கேக்கின் விலைக்குள் ஒளித்துப் போட்டால்தான் நீங்கள் சொல்கிற சந்தேகம் வரும். கேக் வீட்டை விட்டு வெளிக்கிட முதல் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், நல்ல ஆக்கள் மறுக்கமாட்டார்கள்.

ரொறன்ரோ_தம்பி
அப்படிப் பிரித்து எழுதித் தந்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் அக்கா. கேட்கிற தொகையை விட அது எதற்கு என்று தெரியாததுதான் எங்களுக்குப் பிரச்சினை.

சுன்னாகம்_கணக்கு
விலைப்பட்டியலைப் பேஸ்புக்கில் நிரந்தரமாகப் போட்டு வைக்கிற ஆக்களுக்கு ஒரு சொல். 2022ஐ மறந்துவிட்டீர்களா? பங்குனியில் டொலர் 200 சொச்சத்தில் நின்றது, வைகாசியில் 360 அளவுக்குப் போய்விட்டது. பட்டர், சொக்லேட், கலர், நொசில் எல்லாம் கப்பலில் வருகிற சாமான். அந்தப் பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் இருந்தது, காஸும் இல்லை, பிரிஜ்ஜுக்குள் வைத்த ஐசிங்கை எண்ணிப் பாருங்கள். முதலே விலை பேசி ஓம் சொல்லி வைத்தவர்கள் கைக்காசு போட்டுத்தான் கேக் கொடுத்தார்கள். நாங்கள் இப்போது சொல்கிற விலைக்குப் பக்கத்தில் இந்த விலை இன்ன திகதி வரை என்று எழுதுகிறோம். அட்வான்ஸ் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் விலை ஏறாது, அது வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு.
கரண்டையும் சும்மா விடாதீர்கள். 2,000 வாற்ஸ் அவன் விடாமல் எரிந்தால் ஒரு மணித்தியாலத்தில் 2 யூனிற், சூடு பிடித்த பிறகு விட்டு விட்டு எரிவதால் கொஞ்சம் குறையும். ஆனால் வீட்டுப் பில் படிப்படியாக ஏறுகிற பில், கேக் மாதத்தில் அடுத்த படிக்குத் தாண்டினால் யூனிற் விலையும் கூடும், நிலையான கட்டணமும் கூடும். ஓடர் இல்லாத மாதத்துப் பில்லையும் ஓடர் உள்ள மாதத்துப் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேக் தின்கிற கரண்ட் எவ்வளவு என்று தெரியும்.

நல்லூர்_வாசல்
இடையில் நானும் ஒன்று கேட்கிறேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் தீர்த்தம் வரை 25 நாளும் எங்களுக்கு வருகிற ஓடர் முழுக்க முட்டை போடாத கேக். முட்டை இல்லை, அப்ப விலை குறையும்தானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

உரும்பிராய்_ரீச்சர்
குறையாது என்று சொல்லுங்கள். முட்டைக்குப் பதிலாக நீங்கள் ரின்பாலும் தயிரும் விடுகிறீர்கள், ரின்பால் விலை என்ன, முட்டை விலை என்ன? அதோடு முட்டை இல்லாத கேக் உதிரும், இரண்டு தட்டு அடுக்க, உருவம் வெட்ட மிகவும் கவனம் வேண்டும், குளிர வைத்துத்தான் கை வைக்கலாம், நேரம் கூட. இன்னொன்றையும் அந்த ஆக்களுக்குச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. மாஷ்மெலோவில் செய்கிற ஃபொண்டன்டிலும் கடையில் வாங்குகிற சில வகைகளிலும் ஜெலற்றின் இருக்கும், அது மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் என்று விலங்கில் இருந்து எடுப்பது. விரதத்துக்கு என்று முட்டையில்லாக் கேக் கேட்டவருக்கு அதன்மேல் ஜெலற்றினைப் போர்த்திக் கொடுத்தால் அது பெரிய பிழை. முஸ்லிம் சனங்களுக்குச் செய்யும்போதும் இதே கேள்வி வரும். பெட்டியைத் திருப்பி வாசித்து, ஜெலற்றின் இல்லாததாக வாங்கினால் விலை கூடும், அந்தக் கூடுதலையும் கணக்கில் போடுங்கள்.

நெல்லியடி_வாசி
வாசித்துக்கொண்டு வருகிறேன். சரி, உழைப்பு விளங்குகிறது. ஆனால் 13,000 இல்லாத குடும்பம் என்ன செய்வது? பிள்ளைக்கு ஆசை இருக்கும்தானே. எங்கள் அம்மா ஒரு அலுமினியத் தட்டில் சுட்டுத் தந்த கேக்கில்தான் நாங்கள் பிறந்தநாள் கொண்டாடினோம், அதைச் சொல்லி இந்தக் காலத்துப் பிள்ளையைச் சமாளிக்க முடியாது.

மானிப்பாய்_அக்கா
அண்ணை, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். என்னிடம் வருகிறவரிடம் முதலே கேட்பேன், எவ்வளவு காசு ஒதுக்கியிருக்கிறீர்கள், எத்தனை பேர் சாப்பிட என்று. கூச்சப்படாமல் சொன்னால் அந்தக் காசுக்கு என்ன வடிவாகச் செய்யலாம் என்று நான் சொல்வேன். 200 பேர் வருகிற சாமத்தியவீடு என்றால் மேடையில் வைக்க ரெஜிபோமில் (பாரமில்லாத வெள்ளைப் பொதி நுரையில்) இரண்டு தட்டு மூடி, வெட்டுவதற்கு மட்டும் மேல் தட்டை உண்மைக் கேக்காக வைத்து, சனத்துக்குக் கொடுக்க அலங்காரம் இல்லாத பட்டர் கேக்கைத் துண்டு வெட்டிப் பொதி செய்தால் செலவு நல்லாகக் குறையும். ஆனால் ரெஜிபோமுக்கும் ஃபொண்டன்ட் அதே ஃபொண்டன்ட்தான், கரை வேலையும் அதே நேரம்தான், கேக் இல்லை என்பதற்காக அதைச் சும்மா தரச் சொல்லக் கூடாது.
சொந்தக்காரர் விஷயமும் சொல்கிறேன், எல்லோருக்கும் உள்ள தலையிடி. பெறாமக்களின் பிறந்தநாளுக்குப் பாதி விலைக்குக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். ஒன்று முழுதாகப் பரிசாகக் கொடுப்பேன், இல்லாவிட்டால் முழு விலை. பாதி விலைக்குக் கொடுத்த கேக்கின் விலைதான் ஊரெல்லாம் பரவும், அன்பளிப்பு பரவாது.

கொக்குவில்_ஐசிங்
அந்த அம்மாவுக்கு நேற்று இப்படி எழுதினேன்: "அம்மா, நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளபடி முழுதும் செய்ய 13,000 ஆகும், முன்பு சொன்னது கைவேலையைக் கணக்குப் பார்க்காமல் சொன்ன விலை. கீழ்த்தட்டுக்குப் பட்டர் ஐசிங், மேல்தட்டுக்கு மட்டும் ஃபொண்டன்டும் தங்கக் கரையும், ரோசாப்பூ மூன்று என்றால் 10,900. ஃபொண்டன்ட் இல்லாமல் 2 கிலோவும் ஒரே தட்டாக, பட்டர் ஐசிங்கிலேயே பூப் போட்டால் 9,400. மூன்றும் சுத்தமான பட்டர் கேக். உங்களுக்கு வசதியானதைச் சொல்லுங்கள்." கணக்குப் போட்டபோதுதான் கண்டேன், நான் முதல் சொன்ன 9,500 உண்மையில் கிட்டத்தட்ட அந்தக் கடைசிக் கேக்கின் விலை.
பயந்துகொண்டுதான் அனுப்பினேன். மகளோடு கதைத்துவிட்டு இரண்டாவது சரி என்று சொல்லி, பாதிக் காசும் போட்டுவிட்டார்.

சுன்னாகம்_கணக்கு
நல்லது. அட்வான்ஸ் பற்றியும் இப்போதே எழுதி விடுங்கள். நாள் மாறினால் அட்வான்ஸ் புது நாளுக்கு வரும், ஓடரே வேண்டாம் என்றால் வாங்கின சாமானுக்கும் செய்து முடித்த பூவுக்கும் உரிய காசு கழியும் என்று. இன்னொன்று, இனி ஒழுங்காக ஓடர் எடுக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிலும் என்ன பதிவு வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள், பிறகு மண்டபக்காரர், கடைக்காரர் எவரும் உங்களிடம் துணிந்து வாங்குவார்கள்.

கொக்குவில்_ஐசிங்
ஓம் அண்ணா, கேட்கிறேன். கடைசியாக ஒன்று. மண்டபம் சாவகச்சேரியில், பன்னிரண்டு மணிக்கு மேசையில் இருக்க வேண்டுமாம். இந்த வெயிலில் ஓட்டோவில் கொண்டுபோனால் கீழ்த்தட்டு பட்டர் ஐசிங் நிற்குமா?

பருத்தித்துறை_பேக்கரி
சுத்தமான பட்டர் 32, 35 பாகையில் உருகிவிடும், வெளியில் அவ்வளவு சூடு இருக்கிறது. ஐசிங்குக்கு மட்டும் பட்டரில் ஒரு பங்கைக் குறைத்து மரக்கறிக் கொழுப்புச் சேர்த்தால் கொஞ்சம் தாங்கும், அதை அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், சுத்தமான பட்டர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் எல்லோ. தட்டுகளை அடுக்கிக் கொண்டு போகாதீர்கள், தனித்தனிப் பெட்டியில் நன்றாகக் குளிர வைத்துக் கொண்டுபோய் மண்டபத்தில் அடுக்குங்கள், பூக்களும் தனிப் பெட்டியில். ஓட்டோவை விட்டு ஏசி உள்ள கார் பிடியுங்கள், கூடுகிற காசை விநியோகச் செலவாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுக்கவும் உடைந்த கரையைத் திருத்தவும் ஒரு மணித்தியாலம் வேண்டும், பதினொன்றுக்கு முதல் அங்கே நில்லுங்கள். கொஞ்ச ஐசிங், ஒரு கத்தி, மிச்சத் தங்கப் பொடி, தூரிகை கையோடு போக வேண்டும். வீடியோக்காரரின் லைற்றுக்குக் கிட்டவும் யன்னல் வெயில் விழுகிற பக்கமும் மேசையைப் போட விடாதீர்கள்.